உலோகத்துக்குள் இருக்கும் திரிபை நியூட்ரான் படத்தில் வரைவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

வெல்டிங் போட்ட தகடு, 3டி பிரிண்டரில் செய்த பாகம், இறுக்கிப் பொருத்திய வளையம் போன்றவற்றுக்குள் தகைவு (உள்விசை, ஸ்ட்ரெஸ்) எங்கே தேங்கி நிற்கிறது, அதனால் வரும் திரிபு (நீளம் மாறும் விகிதம், ஸ்ட்ரெயின்) எவ்வளவு என்பதை வெட்டாமல் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வகத்து எக்ஸ்-கதிர் கருவி எஃகின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். நியூட்ரான் சென்டிமீட்டர் கணக்கில் உள்ளே போகும். ஆனால் நியூட்ரான் மையம் என்பது பக்கத்து அறையில் இருக்கும் கருவி இல்லை. விண்ணப்பம், பாதுகாப்புப் படிவம், சுங்கம், காத்திருப்பு எல்லாம் தாண்டி, சில நாள் பீம்டைம்தான் (நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்த ஒதுக்கும் நேரம்) கைக்குக் கிடைக்கும். நான் இதைக் கற்றுக்கொண்டபோது தேவையான விவரங்கள் பத்து இடங்களில் சிதறிக் கிடந்தன. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் முடிவு நன்றாக வருமா என்பது பெரும்பாலும் பீம் திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடும். சாம்பிளை எந்தத் திசையில் வைக்கப்போகிறீர்கள், டி-ஜீரோ துண்டு (ஒப்பிடுவதற்கான தகைவற்ற துண்டு) கையில் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

1. உங்கள் கேள்விக்கு இந்த முறை பொருந்துமா?

இந்த முறை பிராக் விளிம்பு என்ற விளைவை வைத்து வேலை செய்கிறது. உலோகப் படிகத்தின் தளங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் போல் இரண்டு மடங்கு அலைநீளம் வரை, நியூட்ரானை அந்தத் தளங்களால் சிதறடிக்க முடியும். அதற்கு மேல் முடியாது. அதனால் அலைநீளம் அந்த எல்லையைத் தாண்டியதும் சாம்பிள் வழியே வரும் நியூட்ரான் எண்ணிக்கை திடீரென்று ஏறும். சாதாரண ஃபெர்ரைட் எஃகில் 110 தளத்துக்கு (இத்தகைய எண்கள் படிகத் தளங்களின் பெயர்கள்) இந்த ஏற்றம் சுமார் 4.05 ஆங்ஸ்ட்ரத்தில் வரும். அலுமினியத்தில் 111 தளத்துக்குச் சுமார் 4.68. உலோகம் இழுபட்டால் தள இடைவெளி கூடி விளிம்பு நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும், அமுங்கினால் எதிர்ப்பக்கம் நகரும். இந்த நகர்வை டிடெக்டரின் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்தால் திரிபு வரைபடம் கிடைத்துவிடும்.

இதில் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, நீங்கள் பார்ப்பது பீம் போகும் திசையில் உள்ள திரிபை மட்டும்தான். படத்தின் தளத்திலேயே கிடக்கும் திரிபு தெரியாது.

இரண்டாவது, தடிமன் முழுவதற்குமான சராசரிதான் கிடைக்கும். பீம் ஓரிடத்தில் இழுவிசைப் பகுதியையும் அடுத்து அமுக்கப் பகுதியையும் கடந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்து வரைபடம் வெறுமையாகத் தெரியலாம். இரண்டு பக்கமும் ஷாட் பீனிங் செய்த (சிறு குண்டுகளால் அடித்து மேற்பரப்பை அமுக்கிய) தகட்டின் குறுக்கே பீம் விட்டால், நீங்கள் தேடும் மேற்பரப்பு அமுக்கம் சராசரியில் கரைந்துவிடும்.

மூன்றாவதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மெல்லிய தகட்டின் முகத்துக்கு நேராகப் பீம் விட்டால், தகட்டின் தளத்தில் உள்ள இழுதகைவு உங்கள் வரைபடத்தில் சுருங்கலாகத் தெரியும். ஒரு திசையில் இழுத்தால் குறுக்குத் திசையில் சுருங்கும் பாய்சான் விளைவுதான் காரணம். வெல்டிங் கோட்டின் நீளவாக்கில் 300 மெகாபாஸ்கல் இழுவிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃகின் யங் குணகம் 210 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3 என்றால், தடிமன் திசையில் வருவது மைனஸ் 430 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 430 பங்கு சுருக்கம்) அளவிலான திரிபு. வரைபடத்தில் சுருங்கலைக் காட்டும் நீல நிறம் வந்ததும் அங்கே அமுக்கம் இருக்கிறது என்று எழுதிவிட்டால் முடிவே தலைகீழாகிவிடும்.

இந்த மூன்றும் உங்கள் கேள்வியோடு ஒத்துவந்தால் மேலே படியுங்கள். தடிமனுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில், மூன்று திசையிலும் தகைவு வேண்டும் என்றால் உங்களுக்குத் தேவை டிஃப்ராக்டோமீட்டர். இங்கிலாந்தின் ஐசிஸ் நியூட்ரான் மையத்தில் எஞ்சின்-எக்ஸ், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வல்கன், ஜப்பானின் ஜே-பார்க்கில் டகுமி, கிரெனோபிளில் சல்சா, சிட்னியில் கோவாரி ஆகியவை அந்த வேலைக்கானவை. சில கன மில்லிமீட்டர் கனஅளவைப் புள்ளி புள்ளியாக அளப்பார்கள். படம் எடுக்கும் முறையில் ஒரே நேரத்தில் முழுப் பரப்பும் கிடைக்கிறது. தகைவு எங்கே திடீரென்று மாறுகிறது என்று தேடுபவர்களுக்கு இதுதான் சரி.

2. கருவியைத் தேர்ந்தெடுப்பது

திரிபுக்குத் துடிப்பு முறையில் (முடுக்கியின் உதவியால் விட்டுவிட்டு) நியூட்ரான் தரும் மையத்தைத்தான் பிடிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஐசிஸில் ஐமேட், ஜப்பானின் ஜே-பார்க்கில் ராடென், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வீனஸ் ஆகியவை இதற்கென்றே கட்டப்பட்ட கருவிகள். சுவீடனின் லுண்ட் நகரில் ஐரோப்பிய மையத்துக்காக ஓடின் என்ற கருவியும் உருவாகிவருகிறது.

இங்கே நியூட்ரான் வந்துசேரும் நேரத்தை வைத்து அலைநீளத்தைக் கணக்கிடுகிறார்கள். ஐமேட்டில் பறக்கும் தூரம் 56 மீட்டர். 4.05 ஆங்ஸ்ட்ரம் நியூட்ரான் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 57 மில்லிவினாடி எடுக்கும். 100 மைக்ரோஸ்ட்ரெயின் என்றால் அந்த நேரத்தில் சுமார் 6 மைக்ரோவினாடி மாற்றம். நல்ல சூழலில் எட்டக்கூடிய துல்லியம் இந்த அளவில்தான் இருக்கிறது. எஃகில் அதைத் தகைவாக மாற்றினால், ஒரே திசை இழுவிசை என்று எடுத்துக்கொண்டால், 21 மெகாபாஸ்கல். நீங்கள் தேடும் மாற்றம் இதைவிடச் சிறியது என்றால் பீம்டைமுக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

அணு உலை சார்ந்த படக் கருவிகளில் இரட்டைப் படிக மோனோகுரோமேட்டர் வைத்து அலைநீளத்தை மாற்றி மாற்றிப் படம் எடுக்கலாம். ஆனால் அதன் அலைநீளப் பிரிதிறன் சுமார் 3%. எஃகின் இரண்டு படிக வடிவங்களான ஆஸ்டெனைட் எங்கே, ஃபெர்ரைட் எங்கே என்று பிரிக்க அது அருமையான வழி. திரிபுக்குப் போதாது.

3. உங்கள் உலோகம் இதற்குத் தாங்குமா?

எஃகு, நிக்கல், செம்பு ஆகியவற்றில் விளிம்பு உயரமாக, தெளிவாக வரும். விளிம்புக்குச் சற்று முன்னால் 10 மி.மீ. எஃகு வழியே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நியூட்ரான் தாண்டும். 30 மி.மீ. ஆனால் நூற்றில் மூன்று நான்குதான் தாண்டும், அளக்கும் நேரம் எகிறிவிடும். எஃகுக்கு 10 முதல் 20 மி.மீ. வரை நிம்மதியாக வேலை செய்யலாம் என்பது என் கருத்து. அலுமினியத்தில் நிலைமை நேர்மாறு. 10 மி.மீ. வழியே ஏறத்தாழ 90% அப்படியே போய்விடும், விளிம்பு கண்ணுக்கே தெரியாது. அதற்குப் பல சென்டிமீட்டர் வேண்டும். டைட்டேனியம் கஷ்டம். அதன் சிதறலில் பெரும்பகுதி பிராக் விளிம்புக்கு உதவாத வகை.

படிகத்துகளின் அளவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் சதுரத்தில் ஆயிரக்கணக்கான சிறு துகள்கள் இருந்தால்தான் விளிம்பு ஒழுங்காக வரும். வார்ப்பு உலோகத்திலும் சில வெல்டிங் பகுதிகளிலும் துகள்கள் பெரிதாக இருக்கும். அங்கே விளிம்புக்குப் பதில் ஒழுங்கற்ற பள்ளங்கள்தான் தெரியும். உருட்டிய தகட்டிலும் 3டி பிரிண்ட் பாகத்திலும் துகள்கள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும், இதைத்தான் டெக்ஸ்சர் என்கிறோம். ஒரு திசையில் 110 விளிம்பு காணாமலேகூடப் போகலாம். அப்போது 200 விளிம்பைப் பிடிக்கலாம், ஆனால் இரும்பில் 200 தளம் மென்மையானது என்பதால் அதன் மீள்மாறிலி (திரிபைத் தகைவோடு இணைக்கும் எண்) வேறு.

4. டி-ஜீரோ: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

திரிபு என்பது ஒரு ஒப்பீடு. தகைவே இல்லாத நிலையில் தள இடைவெளி எவ்வளவு என்று தெரியாமல் இழுவிசை, அமுக்கம் என்று எதையும் சொல்ல முடியாது. அந்தத் தகைவற்ற அளவைத்தான் டி-ஜீரோ என்கிறோம். புத்தகத்தில் இருக்கும் மதிப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் எஃகில் கார்பன் சற்றுக் கூடக்குறைய இருந்தாலே, நீங்கள் தேடும் திரிபைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடும்.

நம்பகமான வழி இதுதான். அளக்கப்போகும் பாகத்தோடு அதே நாளில், அதே முறையில், இன்னொன்றையும் செய்யுங்கள். அந்த இரட்டைப் பாகத்தை வயர் ஈ.டி.எம். (மின்பொறியால் மெல்லிய கம்பி கொண்டு வெட்டும்) இயந்திரத்தில் சீப்புப் பல் போல வெட்டுங்கள். பற்கள் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலம் இருந்தால், உள்ளே இருந்த பெரிய அளவிலான தகைவு விடுபட்டுவிடும். அறுக்கும் பிளேடு, கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, அவை புதுத் தகைவை ஏற்றிவிடும்.

வெல்டிங் சாம்பிளில் ஒரு துண்டு போதாது. வெல்ட் உலோகம், வெப்பம் தாக்கிய பகுதி, அடிப்படை உலோகம் மூன்றிலும் கலவையும் நுண்ணமைப்பும் வேறு வேறு. சீப்பை வெல்டிங் கோட்டுக்குக் குறுக்காக வெட்டினால் மூன்று பகுதிக்கும் தனித்தனி டி-ஜீரோ ஒரே துண்டில் கிடைத்துவிடும். சீப்பின் தடிமனும் திசையும் சாம்பிளைப் போலவே இருக்கட்டும். டெக்ஸ்சர் விளிம்பின் வடிவத்தை மாற்றுவதால், வேறு திசையில் வைத்த டி-ஜீரோவோடு ஒப்பிடுவது பொய்த் திரிபைக் காட்டும்.

இரட்டைப் பாகம் செய்யவே முடியாத நிலையில், சமநிலை நிபந்தனையை வைத்து டி-ஜீரோவைக் கணக்கிடலாம். ஒரு குறுக்குவெட்டில் தகைவுகளின் கூட்டுத்தொகை பூஜ்யமாக வேண்டும் என்பது அந்த நிபந்தனை. கடைசி வழியாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். டி-ஜீரோ பற்றிய வழிமுறைகளை நியூட்ரான் டிஃப்ராக்ஷனுக்கான ஐ.எஸ்.ஓ. 21432 தரநிலை விளக்குகிறது. அது படமுறைக்கு எழுதப்பட்டதில்லை என்றாலும் அந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

5. விண்ணப்பமும் அதனோடு போகும் தாள்களும்

பெரும்பாலான மையங்கள் வருடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குகின்றன. எழுதத் தொடங்கும் முன் அந்தக் கருவியின் விஞ்ஞானிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சாம்பிளின் படம், அளவு, உலோகம், தேடும் திரிபின் அளவு ஆகிய நான்கையும் எழுதிக் கேட்டால், எத்தனை நாள் கேட்பது நியாயம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். இதைச் செய்யாமல் அனுப்பும் விண்ணப்பங்கள் தொழில்நுட்பப் பரிசீலனையிலேயே விழுந்துவிடும்.

விண்ணப்பம் இரண்டு பக்கம்தான் இருக்கும். அதில் நடுவர்கள் தேடும் விஷயங்கள் சில உண்டு. ஏன் டிஃப்ராக்டோமீட்டர் போதாது? திரிபு எவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள், அந்த எண் எங்கிருந்து வந்தது? டி-ஜீரோ திட்டம் என்ன? ஒரு எளிய ஃபைனைட் எலிமென்ட் கணக்கை (தகைவைக் கணினியில் கணிக்கும் முறை) போட்டு, அதைத் தடிமன் வழியே சராசரி எடுத்து ஒரு படமாகக் காட்டுங்கள். அந்த ஒரு படம் ஒரு பக்கம் எழுதுவதற்குச் சமம்.

கூடவே தயாராக வைத்திருக்க வேண்டியவை: சாம்பிளின் வேதிக் கலவைச் சான்றிதழ், எடை, அளவு வரைபடம், கொண்டுவரும் சுமையேற்றும் கருவி ஏதாவது இருந்தால் அதன் பாதுகாப்பு விவரம். கலவைச் சான்றிதழை அலட்சியம் செய்யாதீர்கள். நியூட்ரான் பட்டால் சில தனிமங்கள் கதிரியக்கம் பெறும். அலுமினியம் நிமிடங்களில் அடங்கிவிடும். மாங்கனீசின் அரைவாழ்வு சுமார் இரண்டரை மணி நேரம் என்பதால் மறுநாளைக்குள் பெரும்பாலும் குறைந்துவிடும். கோபால்ட் அப்படியில்லை, கோபால்ட்-60 இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு. மாரேஜிங் எஃகு, சில நிக்கல் சூப்பர் அலாய்கள் ஆகியவற்றில் கோபால்ட் கணிசமாக இருக்கும். முன்கூட்டியே சொன்னால் எவ்வளவு கதிரியக்கம் வரும் என்று கணக்கிட்டு அனுமதி தருவார்கள். சொல்லாமல் விட்டால் சாம்பிள் மையத்தின் பெட்டகத்திலேயே தங்கிவிடும்.

6. செலவும் காலமும்

முடிவுகளை வெளியிடப்போகும் ஆராய்ச்சிக்கு, விண்ணப்பம் தேறிவிட்டால் பல மையங்களில் பீம்டைமுக்குக் கட்டணம் கிடையாது. முடிவுகளை ரகசியமாக வைத்துக்கொள்ள விரும்பும் நிறுவனங்கள் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும், அது பெரிய தொகை. பீம்டைம் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று திட்டமிடாதீர்கள். பயணம், தங்குமிடம், விசா, சாம்பிள் அனுப்பும் செலவு, ஈ.டி.எம். வெட்டுச் செலவு எல்லாம் உங்கள் பொறுப்பு. சில மையங்கள் தகுதியுள்ள பயனர்களுக்குப் பயண உதவி தருகின்றன, அதைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

விண்ணப்பக் கெடு நாளிலிருந்து உண்மையில் பீம் கிடைக்கும் நாள் வரை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி மாணவர் என்றால் முதல் வருடத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். முதல் விண்ணப்பம் தேறாமல் போவது சகஜம், நடுவர் குறிப்புகளை வைத்துத் திருத்தி மறுபடி அனுப்பத் தேவையான நேரமும் இதில் அடங்க வேண்டும். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தைப் பீம்டைம் உறுதியான அன்றே கேளுங்கள்.

7. சாம்பிளை அனுப்புவது

கையோடு எடுத்துப்போவதா, கூரியரில் அனுப்புவதா என்பது எடையைப் பொறுத்தது. எப்படிப் போனாலும் புரோஃபார்மா இன்வாய்ஸில் "ஆராய்ச்சிக்கான உலோகச் சாம்பிள், விற்பனைக்கு அல்ல, தற்காலிக இறக்குமதி" என்ற விவரம் தெளிவாக இருக்க வேண்டும். எங்கள் பெட்டி ஒருமுறை சுங்கத்தில் கிடந்தது, "இயந்திர உதிரிபாகம்" என்று யாரோ பதிந்துவிட்டதால். பீம் நாள் உங்களுக்காகக் காத்திருக்காது. குறைந்தது மூன்று வாரம் முன்னால் பெட்டி மையத்தைச் சேரட்டும். டி-ஜீரோ சீப்பைத் தனிப் பெட்டியில் போடாமல் சாம்பிளோடே வையுங்கள்.

8. பீம் நாட்களில்

போனதும் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி, டோசிமீட்டர் (உங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் கருவி), நுழைவு அட்டை என்று முதல் அரை நாள் போய்விடும். இந்தப் பயிற்சியை இணையத்திலேயே முன்கூட்டி முடிக்க முடியுமா என்று பாருங்கள், சில மையங்களில் முடியும்.

அப்புறம் டிடெக்டர். இந்த வேலைக்கு அதிகம் பயன்படும் எம்.சி.பி. டைம்பிக்ஸ் வகை டிடெக்டரில் 512-க்கு 512 பிக்சல், ஒவ்வொன்றும் 55 மைக்ரான். மொத்தக் காட்சிப் பரப்பு 28 மி.மீ. சதுரம்தான். பெரிய சாம்பிள் என்றால் எந்த 28 மி.மீ. முக்கியம் என்று முன்பே தீர்மானித்து, சாம்பிளில் மெல்லிய கோடு கீறி அடையாளம் வையுங்கள்.

இந்த டிடெக்டர் ஒரு துடிப்புக்குள் சில முறை கண் மூடித் திறக்கும். அந்த மூடும் இடைவெளி உங்கள் விளிம்பின் மேல் விழுந்தால் அந்த விளிம்பு கெட்டுப்போகும். கருவி விஞ்ஞானி வழக்கமாக வைத்திருக்கும் அமைப்பு வேறு யாருடைய உலோகத்துக்கோ ஏற்றதாக இருக்கலாம். உங்கள் விளிம்புகள் எந்த நேரத்தில் வரும் என்ற பட்டியலைக் கையில் கொடுத்து, இடைவெளிகளை நகர்த்தச் சொல்லுங்கள்.

சாம்பிளை டிடெக்டருக்கு மிக அருகில் வையுங்கள். எல்-பை-டி விகிதம் (பீம் நுழையும் துளையிலிருந்து உள்ள தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது) 250 இருக்கும்போது 20 மி.மீ. தள்ளி வைத்தால் 80 மைக்ரான் மங்கல், 100 மி.மீ. தள்ளினால் 400 மைக்ரான். சாய்வும் கவனம்: 30 மி.மீ. ஆழமுள்ள பாகம் ஒரு டிகிரி சாய்ந்தால் பாகத்தின் ஓரப் பகுதி அரை மில்லிமீட்டர் குழம்பிவிடும். ஒட்டுவதற்குப் பசையோ பிளாஸ்டிக் டேப்போ வேண்டாம். அவற்றில் உள்ள ஹைட்ரஜன் நியூட்ரானைக் கண்டபடி சிதறடிக்கும். அலுமினிய டேப்பும் அலுமினியத் தாங்கியும் போதும். வெட்டு எண்ணெய் ஒட்டியிருந்தால் அசிட்டோனில் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

ஓட்டத்துக்கு நடுவே டிடெக்டரை நகர்த்தாதீர்கள். சாம்பிள் சற்று நகர்ந்தால் பறக்கும் தூரம் மாறாது. டிடெக்டர் நகர்ந்தால் மாறும். 56 மீட்டரில் 5 மி.மீ. நகர்த்தல் கிட்டத்தட்ட 90 மைக்ரோஸ்ட்ரெயின் பொய்த் திரிபாக வந்து நிற்கும். வெப்பநிலையும் இதே போலத்தான். கூடத்தில் ஐந்து டிகிரி செல்சியஸ் ஏறினால் எஃகு சுமார் 60 மைக்ரோஸ்ட்ரெயினும் அலுமினியம் அதைப் போல இரண்டு மடங்கும் விரியும். சாம்பிள் மேல் ஒரு தெர்மோகப்பிள் ஒட்டிப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் டி-ஜீரோ துண்டையும் சாம்பிள் பக்கத்திலேயே ஒரே படத்தில் வையுங்கள். இந்த இரண்டு தொல்லையும் ஒரே அடியில் தீர்ந்துவிடும்.

சாம்பிள் இல்லாத ஓப்பன் பீம் படத்துக்கும் சாம்பிள் படத்துக்குச் சமமான நேரம் ஒதுக்குங்கள். சிலர் அதை அரை மணியில் முடித்துவிடுவார்கள். ஒன்றை ஒன்றால் வகுக்கும்போது அந்த இரைச்சல் அப்படியே முடிவில் ஏறும். ஓட்டத்தின் நீளத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல், முடுக்கியிலிருந்து வந்த மொத்த மின்னூட்டத்தில் கணக்கிடுங்கள். முடுக்கி அடிக்கடி சில நிமிடங்கள் நிற்கும், கடிகாரம் நிற்காது.

9. கணக்கு

ஒரு ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் வரும். 2500 படம் என்றால் சுமார் 1.3 கிகாபைட். முதலில் ஒரே பிக்சலில் அடுத்தடுத்து விழும் நியூட்ரான்கள் தவறிப்போவதற்கான ஓவர்லேப் திருத்தம் செய்து, அதன் பிறகு ஓப்பன் பீமால் வகுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

55 மைக்ரான் பிக்சலில் விளிம்பைப் பொருத்தும் அளவுக்கு எண்ணிக்கை சேராது. 20-க்கு 20 பிக்சலை ஒன்றாகச் சேர்த்தால் 1.1 மி.மீ. கட்டம், அதில் விளிம்பு அழகாக வரும். கட்டத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை கால் பங்காகும், பிழை இரண்டு மடங்காகும். விளிம்பைப் பொருத்த ஐபீட்டில்ஸ், ரிட்ஸ் போன்ற மென்பொருள்கள் உள்ளன. படங்களைப் புரட்டிப் பார்க்க இமேஜ்-ஜே போதும். விளிம்பின் அகலம் போன்ற மாறிகளைத் தனித்தனிப் பிக்சலில் சுதந்திரமாக விடாதீர்கள். பெரிய பகுதியில் ஒருமுறை பொருத்தி அந்த மதிப்பை நிலைநிறுத்தினால், விளிம்பு இடம் மட்டும் அலைபாயாமல் வரும். டெக்ஸ்சர் மாறும் பகுதிகளில் மட்டும் அகலத்தைத் தளர்த்திப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று சோதியுங்கள்.

வரைபடம் வந்ததும் பிழை வரைபடத்தையும் பக்கத்தில் போடுங்கள். சாம்பிளின் ஓரத்தில் தெரியும் பளிச்சென்ற கோடு பெரும்பாலும் திரிபாக இருக்காது, சாம்பிளுக்கு வெளியே உள்ள காலி இடமும் அந்தக் கட்டத்தில் கலந்துவிட்டதன் அடையாளம். ஓரத்தில் ஒரு கட்டத்தை நீக்கிவிடுங்கள். அளந்த திரிபைத் தகைவாக மாற்றும்போது நீங்கள் பயன்படுத்திய விளிம்பின் தளத்துக்கு உரிய மீள்மாறிலியைத்தான் எடுக்க வேண்டும், பாடப்புத்தகத்துச் சராசரி யங் குணகத்தை அல்ல.

10. திரும்பியபின்

ஆய்வு அறிக்கையைக் கேட்ட காலத்துக்குள் அனுப்பிவிடுங்கள், அடுத்த விண்ணப்பத்தின்போது நடுவர்கள் அதைப் பார்ப்பார்கள். ஐசிஸ் உட்படச் சில மையங்களில் உங்கள் தரவு மூன்று ஆண்டு உங்களுக்கு மட்டும் இருக்கும், பிறகு பொதுவில் திறக்கப்படும். ஓட்டங்களின் எண், எந்த ஓட்டத்தில் எந்த சாம்பிள், வெப்பநிலை, மின்னூட்டம் ஆகியவற்றை அங்கேயே ஒரு அட்டவணையில் எழுதிக்கொண்டு வாருங்கள். சாம்பிள் கதிரியக்க அளவீட்டுச் சோதனையில் தேறிய பிறகுதான் வெளியே வரும். சில நாள் அடங்க வேண்டியிருந்தால் திரும்ப அனுப்பும் முகவரியையும் கூரியர் கணக்கு எண்ணையும் கிளம்பும் முன் பயனர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.